கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லையா? ஃபார்மேட் செய்யக் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். குரலே கம்மியிருந்தது. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. காலைல ஆன் பண்ணா ஃபேன் ஓடுது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் ஒண்ணுமே வரல. தெரிஞ்சவர் ஒருத்தர் பாத்துட்டு விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்கிறார். பொண்ணு கல்யாண போட்டோ முழுக்க அதுலதான் இருக்கு."

"யாரையும் தொட விடாதீங்கக்கா, சாயந்திரம் வரேன்" என்றேன். மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியில் பத்து நிமிடம். சிபியு பெட்டியைத் திறந்து ரேமைக் (தற்காலிக நினைவகப் பட்டை) கழற்றி, பையனின் பென்சில் பாக்ஸிலிருந்த அழிரப்பரால் துடைத்து, திரும்ப மாட்டினேன். லோகோ வந்தது, விண்டோஸ் வந்தது, போட்டோக்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஃபார்மேட் என்ற சொல்தான் காரணம். டிஸ்ப்ளே கோளாறுக்கு ஃபார்மேட் செய்து, அதாவது டிஸ்க்கில் இருப்பதை அழித்து, பல வருட போட்டோக்களை இழந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது இதுதான்: முதலில் மதர்போர்டு (எல்லா பாகங்களும் மாட்டியிருக்கும் பலகை) தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. பிராசசர் (கணக்குப் போடும் சிப்), ரேம், கிராபிக்ஸ் (படம் வரையும் பகுதி) மூன்றும் சரி என்று தெரிந்தால்தான் கம்பெனி லோகோவைத் திரையில் காட்டும். அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைத் தேடிப்போய் விண்டோஸை எழுப்பும். லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸின் முறை இன்னும் வரவே இல்லை என்று பொருள். அந்த நிலையில் ஃபார்மேட் செய்து எதுவும் சரியாகாது.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: ஆன் செய்ததும் லோகோ வருகிறதா, இல்லையா? இரண்டாவது கேள்வி: கோளாறு பெட்டியிலா, கேபிளிலா, மானிட்டரிலா? இதற்கு வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது, டிவி. எச்டிஎம்ஐ கேபிளால் பெட்டியை டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, சந்தேகம் மானிட்டர் மேலோ பழைய கேபிள் மேலோதான். டிவியிலும் வரவில்லை என்றால் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஐந்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் புது மானிட்டர் வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

நம் ஊர்ப் பக்கத்தில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலோர வீடுகளில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ அதையேதான் கம்ப்யூட்டருக்குள்ளும் செய்கிறது. நான் பார்த்த வரையில் இங்கே சிப் கெடுவதற்கு முன்னால் தொடர்புகள்தான் கெடுகின்றன. ரேம் உட்காரும் இடம், கேபிள் ஊசி, பவர் சாக்கெட், இவைதான் முதல் சந்தேகம். கழற்றி மாட்டினாலே பாதிக் கோளாறு போய்விடுவதும் அதனால்தான்.

மானிட்டரில் விளக்கே எரியவில்லை

மானிட்டரின் ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். அதுவும் எரியவில்லை என்றால் மானிட்டருக்குக் கரண்டே போகவில்லை. பின்பக்கம் சொருகும் பவர் கார்டு கீழ்நோக்கித் தொங்கி மெல்லக் கழன்றிருக்கும், அதை நன்றாக அழுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து, நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். மானிட்டருக்கும் சிபியு பெட்டிக்கும் போகிற பவர் கார்டு பல வீடுகளில் ஒரே மாதிரிதான் இருக்கும், மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். சின்ன அடாப்டரில் ஓடும் மானிட்டராக இருந்தால் அடாப்டர்தான் முதல் குற்றவாளி. மாற்று வாங்கும்போது அதன் மேல் அச்சடித்திருக்கும் வோல்ட் அளவு அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது, முனையின் பிளஸ் மைனஸ் அடையாளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, "நோ சிக்னல்" என்கிறது

அதிகம் கேட்கும் புகார் இது, பொறுமையும் இதற்குத்தான் அதிகம் வேண்டும்.

முதலில், பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் வெளியே வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் போர்டு ஆரம்பச் சோதனையிலேயே நின்றுவிட்டிருக்கலாம்.

கேப்ஸ் லாக் வேலை செய்கிறதா? அப்படியானால் மானிட்டர் பட்டனை அழுத்தி இன்புட் எது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்கும், மானிட்டர் பழைய வகை விஜிஏ கேபிளை எதிர்பார்த்துக் காத்திருக்கும். குழந்தைகள் பட்டனை அழுத்தி விளையாடியிருந்தால் இது நடக்கும். அடுத்து விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்) புதிதாகத் தொடங்கும். ஒரு சின்ன பீப் கேட்கும், திரை ஒரு கணம் கண் சிமிட்டும். திறந்து வைத்த வேலை எதுவும் போகாது. அதற்கும் வரவில்லை என்றால் விண்டோஸ் கீயோடு பி (P) அழுத்தி, கீழ் அம்புக்குறி ஒருமுறை, என்டர். படத்தை இல்லாத இரண்டாவது திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் இது திருப்பிக் கொண்டுவரும். ஒருமுறையில் வராவிட்டால் இரண்டு மூன்று தரம் செய்து பாருங்கள்.

கேபிளை எதில் சொருகியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட பெட்டியில் பின்னால் இரண்டு இடத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்கும். மேலே மதர்போர்டினுடையது, கீழே படுக்கைவாட்டில் இருப்பது கார்டினுடையது. கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். கார்டைக் கழற்றிவிட்டு போர்டில் மாட்டிச் சோதிக்கலாம்தான். ஆனால் பிராசசர் பெயர் எஃப் எழுத்தில் முடிகிற இன்டெல் என்றால் அதற்குள் கிராபிக்ஸே கிடையாது, போர்டில் எத்தனை தடவை மாட்டினாலும் படம் வராது.

கேப்ஸ் லாக் அசையவில்லை என்றால் ரேம் பக்கம் போக வேண்டும். தேவனாம்பட்டினத்து அக்கா வீட்டில் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். அதன்பின் பவர் பட்டனைப் பத்து, பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். (சில பெட்டிகள் இந்த ஒரு வேலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். கரண்ட் போய்ப் போய் வந்த இரவுக்கு மறுநாள் காலை இதை முதலில் செய்து பாருங்கள்.) பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள், கையில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். ரேம் என்பது பிராசசர் ஃபேனுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் நீளப் பட்டை. முனையில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் தானே எழும்பும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கும், மறுமுனையை நெம்பாதீர்கள்.

பட்டையை ஓரங்களில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் வரிசையாகத் தங்கநிறப் பற்கள் இருக்கும். அக்கா வீட்டு ரேமில் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்குப் பற்கள் பளபளப்பு இழந்து, மூச்சுவிட்ட கண்ணாடிபோல மங்கியிருந்தன. கடலிலிருந்து நான்கு தெரு தள்ளிய வீடு. சுத்தமான வெள்ளை அழிரப்பரால் பற்களின் நீளவாக்கிலேயே மெதுவாக நான்கைந்து தரம் தேய்த்தால் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது, தங்கப் பூச்சு ரொம்ப மெல்லியது. ரப்பர் துகள் போர்டுக்குள் விழாமல் தள்ளி நின்று ஊதிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் பஞ்சில் தொட்டு ஒரு துடைப்பு. சொருகும்போது பட்டையில் உள்ள வெட்டும் துளையில் உள்ள மேடும் நேராக வர வேண்டும். இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்தினால் "டக்" என்று கிளிப் மூடும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், வராவிட்டால் மற்றதை, பிறகு வேறு துளையில். சலிப்பான வேலைதான். ஆனால் கெட்டது எது என்று இதில் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

புதிய போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதி நான்கு குட்டி விளக்குகள் வைத்திருப்பார்கள். எது அணையாமல் எரிகிறதோ அங்கேதான் போர்டு நின்றுவிட்டது. பழைய பெட்டிகளில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தமே சொல்லும். ஒரே ஒரு குட்டை பீப் என்றால் பெரும்பாலும் எல்லாம் நலம். நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டோ மூன்றோ வந்தால் பல போர்டுகளில் கிராபிக்ஸ் பக்கம் கோளாறு. போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால் உங்கள் போர்டின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

இதற்கும் மசியாவிட்டால் போர்டில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி, சிஆர்2032 என்று எழுதியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதை எடுத்து ஐந்து நிமிடம் விட்டு மாட்டினால் பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். தேதியும் நேரமும் மாறிவிடும், திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று: விண்டோஸ் 11 பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், பிட்லாக்கர் என்று பெயர். பயாஸ் அமைப்பு மாறினால் அது 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமித்திருக்கும். போனிலிருந்து உள்ளே போய் எடுத்து வைத்துக்கொண்டு பேட்டரியில் கை வையுங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட புதுப் பெட்டியாக இருந்தால், பேட்டரியை எடுத்து மாட்டியபின் முதல் தடவை திரை சில நிமிடம்கூட இருட்டாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பதறி அணைத்துவிடாமல் காத்திருங்கள்.

லோகோ வருகிறது, அப்புறம் இருட்டு

இது நல்ல செய்தி. ரேம், கேபிள், மானிட்டர் எல்லாம் நலம். சிக்கல் விண்டோஸ் பக்கம், அதிலும் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில். இதற்கும் ஃபார்மேட் வேண்டாம்.

மௌஸ் அம்பு மட்டும் தெரிகிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ரன் நியூ டாஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்புளோரர் என்பதை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் டெஸ்க்டாப் திரும்பி வந்துவிடும்.

அம்பும் இல்லை என்றால் சேஃப் மோடுக்குள், அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும் நிலைக்குள், போக வேண்டும். ஆன் செய்து, லோகோவுக்குக் கீழே வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடுத்த தடவை விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் பக்கத்தைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். படம் பெரிது பெரிதாக, அழகில்லாமல் வரும். அதுவே போதும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து, உங்கள் கிராபிக்ஸ் பெயரில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர். முந்தைய நாள் இரவு அப்டேட் ஆன டிரைவர்தான் காரணம் என்றால் இதில் சரியாகிவிடும். ரோல் பேக் பட்டன் மங்கியிருந்தால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தன்னிடமுள்ள எளிய டிரைவரோடு எழுந்து வரும். பிறகு நிதானமாக கம்பெனி தளத்திலிருந்து சரியானதைப் போட்டுக்கொள்ளலாம்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று மானிட்டர் எழுதிக் காட்டினால், அதனால் தாங்க முடியாத ரெசல்யூஷனோ (படத்தின் புள்ளி அளவு) ரெஃப்ரெஷ் ரேட்டோ (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது) வைத்துவிட்டீர்கள். சேஃப் மோடில் போயோ டிவியில் மாட்டியோ 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை

திரை கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து உற்றுப் பார்த்தால் உள்ளே ஐகான்கள் மங்கலாகத் தெரிகின்றன. படத்துக்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்கு போய்விட்டது. ஆன் செய்ததும் இரண்டு நொடி பளிச்சென்று வந்து அணைந்துவிடும் பழைய மானிட்டர்களுக்கும் பெரும்பாலும் இதே நோய்தான். முதலில் பிரைட்னஸ் பட்டனைக் கூட்டிப் பாருங்கள், யாராவது சுழியத்தில் வைத்திருக்கலாம்.

அதில் வராவிட்டால் உள்ளே பவர் போர்டில் மின்தேக்கியோ (கெபாசிட்டர்), விளக்கோ போயிருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் இருந்த மின்தேக்கிகளின் தலை உப்பி, மேலே பழுப்பாகக் கசிந்திருக்கும். சில மானிட்டர்கள் ஒன்றிரண்டு மின்தேக்கி மாற்றினாலே உயிர்பெறும், எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குக்குச் சின்ன வேலை. ஆனால் நீங்கள் திறக்காதீர்கள். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், அது நேர்மின்சாரமாக மாறி அங்கே தேங்கும்போது 325 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (பவர் சப்ளை) இதே எச்சரிக்கைதான்.

மின்னுகிறது, விட்டு விட்டுப் போகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனியுங்கள். எல்லாம் துடிக்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து துடித்தால் சந்தேகம் டிரைவர் மேல். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருள்தான் வம்பு செய்கிறது, கடைசியாகப் போட்டதை நீக்குங்கள்.

ஒரு நொடி கறுத்து மீண்டும் வருவது, திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்மினிபோலப் பறப்பது, இவையெல்லாம் எச்டிஎம்ஐ கேபிள் தளர்ந்ததற்கான அடையாளங்கள். கொஞ்சம் தடித்த, குட்டையான வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். விஜிஏ என்றால் இரண்டு பக்கத் திருகையும் முடுக்காமல் விட்டிருப்பார்கள்.

முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் சாயங்காலம் மட்டும் மானிட்டர் மின்னும். கேபிள் மாற்றினார், டிரைவர் மாற்றினார், போகவில்லை. ஒரு நாள் நானே கூட உட்கார்ந்து பார்த்தேன். சமையலறையில் ஃபிரிட்ஜ் "க்ளக்" என்று எடுக்கும்போதெல்லாம் திரை ஒரு துடி துடித்தது. கம்ப்யூட்டரும் ஃபிரிட்ஜும் ஒரே லைனில் இருந்தன, பிளக்கில் எர்த் வரவே இல்லை. எலெக்ட்ரீஷியன் எர்த்தைச் சரிசெய்து கம்ப்யூட்டரைத் தனி லைனுக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறது என்றால் உங்கள் வீட்டிலும் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்ப்ளே அப்புறம், முதலில் ஆட்களின் பத்திரம்.

லேப்டாப்பில் மூடியை ஆட்டும்போது மட்டும் மின்னினால், கீல் வழியாகப் போகும் மெல்லிய கேபிள் மடிந்து மடிந்து நைந்திருக்கிறது. கேபிளை மட்டும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், முழு ஸ்க்ரீனையும் மாற்ற வேண்டியதில்லை.

நிறம் மாறிவிட்டது

எல்லாம் மஞ்சளாக, ஆனால் தெளிவாக இருந்தால் முதலில் நைட் லைட் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். திடீரென்று கறுப்பு வெள்ளையாகிவிட்டால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், சி மூன்றையும் அழுத்துங்கள், தெரியாமல் கை பட்ட கலர் ஃபில்டராக இருக்கும்.

விஜிஏ கேபிள் போட்ட பழைய மானிட்டரில் நிறம் மாறினால் அது ஏறக்குறைய எப்போதும் கேபிள்தான். அதன் 15 ஊசிகளில் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். மூன்றில் எது தொடாமல் போனாலும் அந்த நிறம் திரையிலிருந்து காணாமல் போகும். வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. கேபிளைக் கழற்றி ஊசிகளை வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று தலை சாய்ந்து படுத்திருக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலில் முனையை எடுத்துவிட்டால் கிடைக்கும் குழாய், அல்லது லீட் பென்சிலின் முனை, அந்த ஊசி மேல் சொருகி மெல்ல நிமிர்த்தலாம். ஒருமுறை தாங்கும், இரண்டாம் முறை ஒடிந்துவிடும், அதனால் அவசரமில்லாமல் செய்யுங்கள். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லவே இல்லை என்று பயப்பட வேண்டாம், 9ஆம் ஊசியைப் பல கேபிள்களில் செய்யும்போதே விட்டுவிடுவார்கள்.

கோடுகள், கட்டங்கள், புள்ளிகள்

கோடு மானிட்டரினுடையதா, கம்ப்யூட்டரினுடையதா என்று பிரிக்க இரண்டு சோதனைகள். மானிட்டர் பட்டனை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவையுங்கள். அந்த மெனு மேலும் கோடு ஓடினால் மானிட்டரின் பேனல் போய்விட்டது. மெனு சுத்தமாக இருந்து பின்னாலிருக்கும் படத்தில் மட்டும் கோடு இருந்தால் கேபிளோ பெட்டியோ. இரண்டாவது, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே கோடு தெரிந்தால் கோளாறு கிராபிக்ஸிலோ டிரைவரிலோ இருக்கிறது.

பேனல் கோடு என்றால், ஓரத்தில் ஒட்டியிருக்கும் முடிபோன்ற இணைப்புப் பட்டை விட்டுப்போனதுதான் வழக்கமான காரணம். அழுத்தினால் போய்விட்டு விட்டால் வரும். பேனல் விலையும் புது மானிட்டர் விலையும் கிட்டத்தட்ட நெருங்கிவிடும், அதனால் இதற்குச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

கிராபிக்ஸ் என்றால் சூட்டைப் பாருங்கள். கேம் போட்டுப் பத்து நிமிடத்தில் கட்டம் கட்டமாக வந்து, திரை உறைந்து, நீலத் திரையில் வீடியோ டிடிஆர் ஃபெய்லியர் (VIDEO TDR FAILURE) என்று எழுதி நிற்கும். கிராபிக்ஸ் பதில் சொல்ல விண்டோஸ் கொடுக்கும் அவகாசம் 2 நொடி, அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரைத் திரும்பத் தொடங்கிப் பார்க்கும், அதுவும் முடியாதபோது இந்த நீலத் திரை. கார்டின் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கடலோரத் தூசி காய்ந்த தூசியாக இருக்காது, ஈரத்தில் பிசின்போல ஃபேன் இறக்கையில் அப்பியிருக்கும். ஊதினால் போகாது, பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுத்து பெரிதாகிவிட்டது, படம் தலைகீழாகிவிட்டது

திரையின் ஒரு பகுதி மட்டும் பெரிதாகித் தெரிந்தால் மேக்னிஃபையர், விண்டோஸ் கீயோடு எஸ்கேப் அழுத்தினால் போய்விடும். எல்லாமே பெரிதாக, மங்கலாக இருந்தால் டிரைவர் கழன்று, டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று காட்டும். சரியான டிரைவரைப் போட வேண்டும். தலைகீழ் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள்.

திரைக்குள் பூச்சி

மழைக்காலத்தில் இது நிஜமாகவே நடக்கிறது. கடுகில் பாதி இருக்கும் பூச்சி வெளிச்சத்தைத் தேடிக் கண்ணாடிக்குப் பின்னால் நுழைந்துவிடும். தயவுசெய்து விரலால் நசுக்காதீர்கள். அங்கேயே செத்து நிரந்தரக் கறுப்புப் புள்ளியாகிவிடும். மானிட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, பக்கத்தில் ஒரு விளக்கை மட்டும் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். வந்த வழியே போய்விட வாய்ப்புண்டு.

தண்ணீர் புகுந்த பெட்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிவந்ததையும் இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தரையில் வைத்த சிபியு பெட்டிகளுக்குத்தான் அப்போது முதல் அடி. நனைந்த பெட்டியை "வருதா பார்ப்போம்" என்று ஒருமுறைகூட ஆன் செய்யக்கூடாது. தண்ணீரை விட, ஈரத்தோடு பாய்ந்த கரண்ட்தான் போர்டைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கி, நாணய பேட்டரியை எடுத்து, மூடியைக் கழற்றி ஃபேன் காற்றில் பல நாள் விடுங்கள். சேறு கலந்த தண்ணீர் என்றால் உலர்ந்த பிறகும் மெக்கானிக் கழுவிச் சுத்தம் செய்த பின்னர்தான் கரண்ட் காட்ட வேண்டும். நனைந்த ஹார்ட் டிஸ்க்கில் முக்கியமானது இருந்தால் அதை மட்டும் எதிலும் மாட்டாமல், தகவல் மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பெட்டியை மேஜை மேல் ஏற்றிவிடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால் கொடுக்கத்தான் வேண்டும். "டிஸ்ப்ளே வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். டிவியில் மாட்டிப் பார்த்தேன், லோகோ வரவில்லை, கேப்ஸ் லாக் அசையவில்லை, ரேம் மாற்றிப் பார்த்தேன், இன்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று, அக்காவுக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். லோகோ வருகிறதா என்று சோதிக்க டிஸ்க் தேவையே இல்லை. பெரிய ஹார்ட் டிஸ்க்கோ தட்டையான பெட்டி வடிவ எஸ்எஸ்டியோ (புதுவகை டிஸ்க்) என்றால் இரண்டு கேபிளும் சில திருகும், போர்டின் மேல் படுத்திருக்கும் மெல்லிய எஸ்எஸ்டி என்றால் ஒரே ஒரு திருகு. கழற்றி, பழைய பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, மீதிப் பெட்டியை மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் லோகோவைக் காட்டிய பிறகு வீட்டுக்கு வந்து மாட்டிக்கொள்ளலாம்.